நான்காம் தடத்தில் ஒரு கை

வெயில் கொடுமைக்காக ஊரில் எல்லாக் கதவுகளையும் மூடிவைக்கும் வெயிலடைப்பு பதினொரு மணிக்குத் தொடங்கிவிடும் என்பதால் நீச்சல் அரங்கத்தின் கதவை விடியற்காலை ஐந்து மணிக்கே திறந்துவிடுவார்கள். முதலில் உள்ளே போவது நடுவர்கள்தான். வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையுமாக வரிசையில் நின்று, ஒருவர் பின் ஒருவராகக் கறுப்புக் குழாய்க்குள் கண்ணை வைப்பார்கள். உள்ளே புள்ளிகள் ஓடும். எத்தனை ஓடின, எது முதலில் திரும்பியது என்று சொல்ல வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் அன்றைக்குக் கரையில் நிற்கலாம். சிவப்பு எரிந்தால் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

ஜெசிந்தா பர்னாந்துக்குப் பத்தொன்பது வருடங்களில் ஒருநாளும் சிவப்பு எரிந்ததில்லை. தூத்துக்குடிக் கடற்சுவருக்கு உள்பக்கம் இந்த அரங்கத்தைக் கட்டிய நாளிலிருந்தே அவள் இங்கே இருக்கிறாள். இப்போது ஐம்பத்தொரு வயது. கையில் நீலப்பட்டி. நீலப்பட்டி கட்டியவர்கள் நீச்சல்காரர்களைப் பார்ப்பதோடு நடுவர்களையும் பார்ப்பார்கள். யார் சரியாக நிற்கிறார், யார் சரியாகக் காண்கிறார், யாருக்கு உரிமம் கொடுக்கலாம் என்பதை எழுதுவது அவர்கள் வேலை. மேற்பார்வை நடுவர் என்று பெயர். தென்மண்டலம் முழுவதற்கும் மூன்று பேர்தான்.

குளத்தின் சுவர்களில், தண்ணீருக்குக் கீழே, ஒவ்வொரு தடத்துக்கும் பன்னிரண்டு நீர்க்கண்கள் பதித்திருந்தார்கள். ஒரு விரல் நுனி சுவரில் பட்டதா இல்லையா என்பது அவற்றுக்குத் தெரியும். ஆனால் அவை வாய் திறக்கக் கூடாது. மனிதசாட்சிச் சட்டம் வந்து முப்பது வருடமாகிவிட்டது. அதற்கு முன் ஒரு காலம் இருந்தது. யாருக்கு வேலை, யாருக்குக் கல்லூரி, யாருக்குச் சிறை என்று எல்லாவற்றையும் இயந்திரம் சொல்லும். ஏன் என்று கேட்டால் பதில் வராது. ஊர் ஊராக ஜனங்கள் தெருவில் இறங்கி உட்கார்ந்த பிறகுதான் சட்டம் வந்தது. ஒரு மனிதரிடமிருந்து எதைப் பறிப்பதானாலும், அது ஒரு மதிப்பெண்ணாக இருந்தாலும் ஒரு பதக்கமாக இருந்தாலும், இன்னொரு மனிதர் முன்னால் வந்து ‘நான் கண்டேன்’ என்று சொல்ல வேண்டும். இயந்திரத்தின் பதிவை ஒரு வருடம் முத்திரையிட்டு வைப்பார்கள். அதற்குப் பிறகு திறப்பது, சாட்சி சொன்னவரின் கண்ணை அளக்க மட்டும்தான். அறிவித்த முடிவு மாறாது.

அப்படி அளந்து வருவதற்குக் கண்மதிப்பு என்று பெயர். ஜெசிந்தாவின் கண்மதிப்பு தொண்ணூற்றாறு புள்ளி நான்கு. தென்மண்டலத்தில் அதற்கு மேல் யாருக்கும் இருந்ததில்லை. ரேஷன் கடை வரிசையில்கூட அவளை யாராவது கண்டுகொண்டு வழிவிடுவார்கள். அவள் வேண்டாம் என்பாள். ஆனால் அவர்கள் வழிவிடாத நாளில் மனதுக்குள் ஏதோ குறையும்.

இசக்கியம்மாள் வந்தது அந்த வருடம் தை மாதத்தில்.

இசக்கிக்கு நாற்பத்தாறு வயது. பதினாறு வருடம் ரயில் சந்திப்பு ஒன்றில் தண்டவாளத்தின் ஓரம் நின்று, ஓடுகிற சரக்கு வண்டிகளின் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியில் எந்தச் சக்கரத்தில் கீறல், எந்தச் சுருள்வில்லில் முறிவு என்று சொல்ல வேண்டும். பிறகு அந்த வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். சக்கரம் மனிதரல்லவே, சட்டம் தடுக்காது. வேலை போனபின் நடுவர் பயிற்சிக்கு விண்ணப்பித்தாள். நீச்சல் தெரியாது. குளத்தை அதற்கு முன் அவள் பக்கத்தில் நின்று பார்த்ததுகூட இல்லை.

மாதிரித் தேர்வில் அவள் எடுத்தது தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்று.

தலைமை நடுவர் தாவூத் லெப்பை அந்தத் தாளை ஜெசிந்தாவிடம் நீட்டியபோது சிரித்துக்கொண்டிருந்தார். காயல்பட்டினத்துக்காரர். எதையும் ஒளித்துவைக்கத் தெரியாத மனிதர். “ஜெசிந்தாம்மா, உங்களுக்கும் மேல ஒரு கண்ணு வந்திருக்கு பாருங்க. நீங்களே எடுத்துக்குங்க. உங்ககிட்ட பழகினா எங்கயோ போயிடும் இந்தப் பொம்பள.”

“மாதிரித் தேர்வுதானே சார். தண்ணி பக்கத்துல நிக்கட்டும், பார்க்கலாம்” என்றாள் ஜெசிந்தா. குரல் சாதாரணமாகத்தான் வந்தது. தாளை மடித்துப் பைக்குள் வைத்தபோது அதன் ஓரம் கசங்கியிருந்தது.

அன்றிலிருந்து அவள் இசக்கியைத் திருத்தத் தொடங்கினாள். நிற்கும்போது கால் விரல் குளத்தின் விளிம்பைத் தாண்டக் கூடாது. சட்டையை இன்னும் உள்ளே சொருக வேண்டும். காலணியில் சாம்பல் கோடு இருக்கிறது, முழு வெள்ளை வாங்க வேண்டும். தவறைக் கண்டு கை தூக்கும்போது முழங்கை மடங்குகிறது. சீட்டில் எழுதும்போது ‘பட்டது’ என்று எழுதக் கூடாது, ‘தொட்டது’ என்று எழுத வேண்டும். எல்லாமே விதிப்படி சரியான திருத்தங்கள். ஒன்றுகூடக் கண்ணைப் பற்றியது இல்லை. கண்ணில் திருத்த எதுவும் கிடைக்கவில்லை.

இசக்கி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மறுநாளே முழு வெள்ளைக் காலணியோடு வந்தாள். “நீங்க சொல்லலேன்னா எனக்கு யாரு சொல்லுவாங்கக்கா” என்று சீலாக் கருவாட்டுக் குழம்பு ஒரு டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தாள். குழம்பு நன்றாக இருந்தது. அதுவும் ஜெசிந்தாவுக்குப் பிடிக்கவில்லை.

பயிற்சி நடுவருக்கும் மேற்பார்வை நடுவருக்கும் ஆளுக்கொரு ‘பகிர்வு வில்லை’ கொடுப்பார்கள். கண்ணுக்குள் பொருத்திக்கொள்ளும் மெல்லிய வில்லை. பயிற்சியில் இருப்பவர் எங்கே பார்க்கிறாரோ, அந்த இடத்தில் மேற்பார்ப்பவரின் கண்ணுக்கு ஒரு சின்னப் பச்சைப் புள்ளி தெரியும். புதியவர்களின் புள்ளி ஈ மாதிரி அலையும். கூரைக்குப் போகும், பார்வையாளர் பக்கம் போகும், நீச்சல்காரரின் தலையைத் துரத்தும். இசக்கியின் புள்ளி அலையவே இல்லை. நீச்சல்காரர் வருவதற்கு முன்பே சுவரில் போய் உட்கார்ந்து காத்திருக்கும். ஓடும் வண்டியைத் துரத்தாமல் ஒரே இடத்தைப் பார்த்து நின்ற பதினாறு வருடப் பழக்கம். ஜெசிந்தாவுக்கு இதைப் பழக ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

வீட்டில் கணவர் அலாய்சியஸ் ஒருநாள் கேட்டார்: “அந்த ரயில்வே பொம்பள எப்படி இருக்கா?”

“நல்லாத்தான் பார்க்கிறா. ஆனா நீச்சல் தெரியாது.”

“நீச்சல் தெரியணுமா என்ன?”

ஜெசிந்தா ஒரு காலத்தில் மாநில அளவில் நீந்தியவள். தேவையில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

ஆடி மாதத்தில் மண்டலப் போட்டி நடந்தது. இரண்டு நாள். இசக்கிக்கு அதுதான் கடைசிக் கட்டம். அது முடிந்ததும் ஜெசிந்தா கையெழுத்துப் போட்டால் உரிமம்.

முதல் நாள் காலையின் கடைசிப் போட்டி, பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்கள் இருநூறு மீட்டர் மார்நீச்சல். முதலில் வருபவர் ஒருவருக்குத்தான் தேசியப் பயிற்சி முகாமில் இடம். நான்காம் தடத்தில் மதுரைப் பெண் தன்விகா. ஐந்தாம் தடத்தில் கோவில்பட்டிப் பெண் யாழிசை. இருவருக்கும் நேரத்தில் அரை விநாடி வித்தியாசம்கூட இல்லை. யாழிசைக்கு அடுத்த மாதம் பதினேழு வயது நிறைகிறது. அடுத்த வருடம் இந்தப் பிரிவில் நீந்த முடியாது.

எதிர்முனைச் சுவரில் நான்கு, ஐந்து தடங்களுக்கு இசக்கி. அவளுக்கு ஓரடி பின்னால் ஜெசிந்தா. மார்நீச்சலில் ஒவ்வொரு திரும்பலிலும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். ஒரு கை தொட்டு மறு கை தொடாமல் திரும்பினால் போட்டியிலிருந்து நீக்கம். பார்ப்பதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு.

முதல் திரும்பல் சுத்தமாக இருந்தது. நூறாவது மீட்டரில் இருவரும் அந்தப் பக்கச் சுவரைத் தொட்டுவிட்டு மீண்டும் இவர்களை நோக்கி வந்தார்கள். கூட்டம் எழுந்துவிட்டது. பச்சைப் புள்ளி நான்காம் தடத்தின் சுவரில் போய் உட்கார்ந்தது. ஜெசிந்தா அந்தப் புள்ளியைப் பார்த்தாள். இத்தனை இரைச்சலில் ஒரு தடவையாவது அசையும், ஒரு தடவையாவது கூட்டத்தின் பக்கம் போகும், குறிப்பில் எழுதலாம் என்று காத்திருந்தாள். புள்ளி அசையவில்லை. அவளும் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தண்ணீர் சிதறியது. தலைகள் திரும்பின. இசக்கியின் வலது கை, முழங்கை மடங்காமல், நேராக மேலே போனது.

அப்போதுதான் ஜெசிந்தாவுக்கு உறைத்தது. அவள் புள்ளியைத்தான் பார்த்திருந்தாள். கையைப் பார்க்கவில்லை.

போட்டி முடிந்தது. தன்விகா முதல், யாழிசை இரண்டாவது. இடைவெளி அரைக் கை நீளம். முடிவை அறிவிக்காமல் தாவூத் லெப்பை கரையோரம் நடந்து வந்தார்.

“என்ன கண்டீங்க?” என்று இசக்கியிடம் கேட்டார்.

“நாலாந்தடம். நூத்தம்பதாவது மீட்டர் திரும்பல். வலது கை சுவத்தத் தொட்டுது. இடது கை தொடல்ல சார், தண்ணிக்குள்ளயே மடங்கிட்டு. நான் கண்டேன்.”

லெப்பை ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினார். “நீங்க?”

அவள் சொல்ல வேண்டிய வாக்கியம் மிகச் சிறியது. ‘நான் பார்க்கவில்லை.’ சொல்லியிருந்தால் இசக்கியின் வார்த்தை தனியாகவே நின்றிருக்கும், நீக்கம் செல்லுபடியாகியிருக்கும். ஆனால் பத்தொன்பது வருடத்தில் அந்த வாக்கியத்தை அவள் சொன்னதில்லை. முதல் முறையாக, ஏழு மாதப் பயிற்சிக்காரி முன்னால், அவள் கண்டதைத் தான் காணவில்லை என்று சொல்ல வேண்டும். பக்கத்துத் தடங்களின் நடுவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ரெண்டு கையும் தொட்டுச்சு சார்” என்றாள் ஜெசிந்தா. “நான் கண்டேன்.”

இசக்கி சட்டென்று திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் ஜெசிந்தாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். இருந்தது திகைப்பு மட்டும்தான்.

சந்தேகம் இருந்தால் நீச்சல்காரருக்குச் சாதகம். அது பழைய விதி, சட்டத்துக்கும் முந்தியது. லெப்பை தலையசைத்தார். முடிவை அறிவித்தார்கள். தன்விகா தண்ணீரை அடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். யாழிசை தடக்கயிற்றின் மேல் சாய்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினாள்.

பதினொரு மணிக்குச் சங்கு ஊதியதும் அரங்கத்தின் வெளிக்கதவுகள் மூடிக்கொண்டன. நான்கு மணி வரை யாரும் வெளியே போக முடியாது. நடுவர்கள் உள்கூடத்தில் பாய் விரித்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். இசக்கி தன் டப்பாவைத் திறக்காமல் ஜெசிந்தாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எக்கா, ஒண்ணு கேக்கட்டா? அந்தப் பிள்ள இடது கை… ரெண்டும் தொட்டதை நீங்க தெளிவாப் பாத்தீங்களா?”

“பார்த்தேன்.”

“அப்பம் நான் எதைப் பாத்தேன்?”

ஜெசிந்தா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: “குமிழி. திரும்பும்போது குமிழி வரும். புதுசா நிக்கிறவங்களுக்குக் கை மடங்கின மாதிரி தெரியும்.”

“அப்படியா” என்றாள் இசக்கி. சற்று யோசித்தாள். “சக்கரத்துல இதெல்லாம் கிடையாது பாத்துக்கிடுங்க. தண்ணி வேற மாதிரி இருக்கு. நல்லவேளை நீங்க நின்னீங்க. இல்லேன்னா அநியாயமா அந்தப் பிள்ளையத் தூக்கி வெளிய போட்டிருப்பேன்.”

அவள் நம்பிவிட்டாள். ஜெசிந்தாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. அதன் அடியில், ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தாலும், ஒரு மகிழ்ச்சியும் இருந்தது. இனி இந்தப் பெண் தன்னை அண்ணாந்து பார்ப்பாள். ஒரு வருடம் கழித்து முத்திரை திறக்கும்போது ஒரு பிழை என்று பதிவாகும். பல்லாயிரம் சாட்சியில் ஒன்று. கண்மதிப்பில் ஒரு புள்ளியின் நூறில் ஒரு பங்கு குறையும். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். சுவரை எந்தக் கை தொட்டது என்று நீர்க்கண்ணுக்குத் தெரியும். ஜெசிந்தாவின் கண் அப்போது எங்கே இருந்தது என்பது உலகத்தில் அவளுக்கு மட்டுமே தெரியும்.

மறுநாள் காலை இசக்கியின் கண்கள் சிவந்திருந்தன. தூங்கவில்லை என்றாள். கறுப்புக் குழாயில் பச்சை விளக்குதான் எரிந்தது.

இரண்டாவது போட்டியில், எல்லாரும் காணக்கூடிய ஒரு தவறு நடந்தது. ஆறாவது வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி, இரண்டு கையும் தொட வேண்டிய வண்ணத்துப்பூச்சி நீச்சலில் ஒரு கையால் சுவரைத் தட்டிவிட்டுத் திரும்பினாள். ஒளிவுமறைவே இல்லை. தண்ணீருக்கு மேலேயே நடந்தது. ஜெசிந்தா தெளிவாகக் கண்டாள். இசக்கியின் கை மேலே போகும் என்று காத்திருந்தாள்.

போகவில்லை.

ஜெசிந்தா பச்சைப் புள்ளியைத் தேடினாள். சுவரில் இல்லை. தண்ணீரிலும் இல்லை. பிறகு கீழே குனிந்தபோது தெரிந்தது. புள்ளி அவளுடைய சொந்தக் கையின் மேல், மணிக்கட்டுக்குப் பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. இசக்கி பாதி திரும்பி நின்று, ஜெசிந்தாவின் கை எழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த போட்டியிலும் அப்படியே. சுவருக்கு ஒருமுறை, ஜெசிந்தாவின் கைக்கு ஒருமுறை. மூன்றாவது போட்டியில் புள்ளி சுவருக்குப் போகவே இல்லை.

ஏழு மாதமாக அவள் விரும்பியது இதைத்தான். அந்தப் புள்ளி அசைய வேண்டும் என்று. இப்போது அது அவள் தோலின் மேல் ஈ மாதிரி அலைந்தது. ஏழு மாதமாக அவள் உள்ளுக்குள் எரிந்துகொண்டு பார்த்துவந்த இசக்கியின் அந்தக் கண் இனி இல்லை. யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, வேறு யாருக்கும் போய்ச் சேரவும் இல்லை. அவ்வளவு நல்ல கண் ஒன்று தென்மண்டலத்தில் இருந்தது. நேற்றுப் பத்தரை மணிக்கு அவள் அதை இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

போட்டியின் கடைசி நாள் மாலை கொடி இறங்கும் வரை சொன்ன சாட்சியைத் திரும்பப் பெறலாம், அதனால் முடிவும் மாறலாம் என்று சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. திரும்பப் பெற்றவருக்கு நீலப்பட்டி நிரந்தரமாகப் போகும். கண்மதிப்பு ரத்தாகும். ஐந்து வருடம் எந்தக் கரையிலும் நிற்க முடியாது.

சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்பு ஜெசிந்தா தலைமை நடுவரின் மேசைக்குப் போனாள். உட்காரவில்லை.

“சார், நேத்து நாலாந்தடம். நான் பார்க்கலை.”

லெப்பை பேனாவை மூடினார். “என்ன சொல்றீங்க?”

“ரெண்டு கைன்னு சொன்னேன்ல. நான் கையைப் பார்க்கவே இல்லை. இசக்கி எங்க பார்க்கிறான்னு பார்த்துட்டிருந்தேன்.”

“அப்போ ஏன் கண்டேன்னு சொன்னீங்க?”

அவள் இதற்கு என்னென்னவோ பதில்கள் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். களைப்பு, கூட்டத்தின் இரைச்சல், பழக்கதோஷம். வாயில் வந்தது வேறு. “பொறாமை சார்.”

லெப்பை ஆளனுப்பி இசக்கியையும் இரண்டு நீச்சல்காரப் பெண்களையும் அவர்களின் பயிற்சியாளர்களையும் உள்கூடத்துக்கு வரச்சொன்னார். வெளியே கதவுகள் மூடிக்கொண்டன. ஜெசிந்தா எல்லோர் முன்னாலும் அதே வாக்கியத்தை இன்னொரு முறை சொன்னாள்.

தன்விகாவின் கழுத்தில் நேற்றைய பதக்கம் இருந்தது. அவள் அதைக் கையால் மூடிக்கொண்டாள். “நீங்கதானே ஆன்ட்டி கண்டேன்னு சொன்னீங்க? எனக்கே தெரியலையே, நான் எப்படித் தொட்டேன்னு. நீங்க சொன்னதாலதானே நானும் நம்பினேன்?”

ஜெசிந்தா தலையை ஆட்டி ஒத்துக்கொண்டாள்.

“ஜெசிந்தாம்மா சாட்சி இப்போ இல்லை” என்றார் லெப்பை. “ஆக, இசக்கியம்மாள் சாட்சி மட்டும்தான் நிக்குது. இசக்கிம்மா, விதிப்படி நான் உங்ககிட்ட மறுபடி கேக்கணும். நாலாந்தடம், நூத்தம்பதாவது மீட்டர். என்ன கண்டீங்க?”

எல்லோரும் இசக்கியைப் பார்த்தார்கள். யாழிசை உதட்டைக் கடித்துக்கொண்டு, ஈரத்தலையோடு, அசையாமல் நின்றாள்.

இசக்கி கண்ணை இறுக மூடித் திறந்தாள்.

“சார், நேத்து நீங்க கேட்டப்பம் கண்டேன்னுதான் சொன்னேன்” என்றாள். “அதுக்கப்புறம் எத்தனை தடவை நெனச்சு நெனச்சுப் பாத்தேன் தெரியுமா? ரெண்டு கையும் தொட்ட மாதிரி, குமிழி வந்த மாதிரி. அப்படித்தான் இருக்கும், அப்படித்தான் இருக்கும்னு எனக்கு நானே காட்டிக் காட்டிப் பழகிட்டேன். இப்பம் கண்ண மூடினா ஒரு கையும் தெரியுது, ரெண்டு கையும் தெரியுது. எது நான் பாத்தது, எது எக்கா சொன்னதுன்னு பிரிக்க முடியல்ல.”

“நேத்து எழுதின சீட்டு இருக்கு. அதைப் படிச்சுட்டு…”

“அது நேத்தைய இசக்கி எழுதினது சார். இப்பம் கேட்டா ‘நான் கண்டேன்’னு எப்படிச் சொல்லட்டும்? ஒரு பிள்ள கழுத்துல இருந்து எடுக்கணும். சந்தேகத்தோட எடுக்கச் சொல்லுதீங்களா?”

சுவருக்கு அந்தப் பக்கம், தண்ணீருக்கு அடியில், நடந்தது முழுவதையும் வைத்துக்கொண்டு இயந்திரம் இருந்தது. அந்தக் கூடத்தில் இருந்த ஒருவருக்கும் அது தெரியாது. நேற்று ஒருத்திக்குத் தெரிந்திருந்தது.

முடிவு மாறவில்லை. தன்விகா முகாமுக்குப் போனாள். போகும்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

மாலையில் கொடி இறங்கும் முன் ஜெசிந்தா நீலப்பட்டியை அவிழ்த்து மேசையில் வைத்தாள். யாழிசையைத் தேடிப் போனாள். அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

“யாழிசை, நான் செஞ்சது…”

“தெரியும் ஆன்ட்டி. உள்ள நின்னு கேட்டேன்ல.” குரலில் மரியாதை குறையவில்லை. “எங்கம்மா வெளிய நிக்கிறாங்க. அவங்ககிட்ட இதை நீங்களே சொல்லிடுறீங்களா? எனக்குச் சொல்லத் தெரியலை.”

ஜெசிந்தா போய்ச் சொன்னாள். அந்த அம்மா கேட்டுக்கொண்டார். முடிந்ததும் மகளின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டார்.

இசக்கிக்கு லெப்பை தானே பொறுப்பெடுத்து மேலும் ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார். உரிமம் கிடைத்தது என்று ஜெசிந்தாவுக்கு யாரோ சொன்னார்கள். அவள் அரங்கத்தின் பக்கம் போகவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காலையில் நீச்சல் சொல்லிக்கொடுத்தாள். அதற்குக் கண்மதிப்பு தேவையில்லை.

அடுத்த ஆடியில் முத்திரை திறந்தது. சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் அறிக்கை வந்தது. ஜெசிந்தா சமையலறை மேசையில் வைத்துப் படித்தாள். நான்காம் தடம், நூற்றைம்பதாவது மீட்டர்: வலது கை தொடுகை உண்டு, இடது கை தொடுகை இல்லை. சுவருக்கும் விரலுக்கும் இடையே பதினொரு சென்டிமீட்டர். கீழே, அந்த முதல் நாளுக்கு மட்டும் இசக்கியம்மாளின் கண்மதிப்பு: நூறு. இந்த அரங்கத்தில் யாருக்கும் அப்படி ஒரு நாள் வந்ததில்லை. படித்த கணத்தில் பழைய எரிச்சல் நெஞ்சில் ஒருமுறை சுருக்கென்று வந்து போனது. ஒரு வருடம் ஆகியும் அது சாகவில்லை என்பதை அவள் கவனித்தாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள்.

“சொல்லுங்கக்கா” என்றாள் இசக்கி. பின்னால் விசில் சத்தமும் தண்ணீர் அடிபடும் சத்தமும் கேட்டன.

“அறிக்கை வந்துச்சா?”

“வந்துட்டு. பாத்தேன்.”

“நூறு.”

“ஆமா. நூத்த வச்சி நான் என்ன செய்ய? அந்தக் கோவில்பட்டிப் பிள்ளைக்குப் பதினெட்டு ஆகப்போவுது. இப்பம் நீந்துறதில்லையாம். விசாரிச்சேன்.”

ஜெசிந்தா கேட்டாள்: “நீங்க இப்போ எப்படிப் பார்க்குறீங்க? சுவரைத்தானே பார்க்குறீங்க?”

“சுவத்தத்தான் பாக்குதேன். தப்பு நடந்தா கையும் தூக்குதேன். லெப்பை சார் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுதாரு. ஆனா தூக்குறதுக்கு முன்னாடி அரை நொடி நிக்கும்க்கா. நெசமாவே பாத்தமான்னு. முந்தி அது கிடையாது.”

“இசக்கி…”

“இன்னும் ரெண்டு நிமிசத்துல போட்டி இருக்கு. வச்சிரட்டா?”

வைத்துவிட்டாள். ஜெசிந்தா அறிக்கையை மடிக்காமல் மேசையின் மேல் கிடக்க விட்டாள். தூரத்தில் அந்த அரங்கத்தின் கரையில் இசக்கி இப்போது எந்தத் தடத்தில் நின்றுகொண்டிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தாள். யாரோ ஒரு பெண் சுவரைத் தொட்டுத் திரும்புவாள். இசக்கி எல்லோருக்கும் முன்னால் அதைக் கண்டுவிடுவாள். கண்ட பிறகும் அரை நொடி நிற்பாள்.